உழவரிடம் பாடம் கேட்ட விஞ்ஞானி – சர் ஆல்பர்ட் ஹோவர்ட்

விடியற்காலையில் தொழுவத்தின் படலைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும் ஒரு நெடியை நம்மில் அறியாதார் இரார். கனகம்மாசத்திரத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மாடு கட்டாத தெரு அரிது. மாடு இருக்கும் இடத்தில் நாற்றமும் இருக்கத்தானே செய்யும் என்று எண்ணி நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. பாலைக் கறந்து முடித்ததும் மூக்கை மூடிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். ஆனால் அந்த நெடி வெறும் நாற்றம் அன்று. பயிருக்கு வேண்டிய தழைச்சத்து அம்மோனியா என்னும் வாயுவாக மாறிக் காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். நம் தந்தையர் பணம் கொடுத்து மூட்டை மூட்டையாக வாங்கி வரும் அதே சத்து, நம் கொல்லைப்புறத்தில் கேட்பாரின்றிப் பறந்துபோகிறது.

இந்த இழப்பைக் கண்டு வருந்தி, அதைத் தடுக்கும் வழியை நம் நாட்டு மண்ணிலேயே தேடிக் கண்ட பெரியார் ஒருவர் இருந்தார். அவர் ஆங்கிலேயர், அரசாங்கத்தின் பெரிய உத்தியோகஸ்தர். ஆயினும் இந்நாட்டு உழவரைத் தம் ஆசிரியர்களாக எண்ணினார். இயற்கை வேளாண்மையின் தந்தை என்று உலகத்தாரால் போற்றப்படும் சர் ஆல்பர்ட் ஹோவர்டின் வரலாற்றையே இங்குத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம். அவருடைய வரலாற்றைச் சொல்லும்போது ஒரு பெண்மணியின் வரலாற்றையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கும். அது ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

வரலாற்றுக்குள் நுழையுமுன் அந்த நெடியின் இரகசியத்தைச் சற்று அறிந்துகொள்வோம். மாடு தின்னும் தீவனத்திலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி அதன் உடலில் தங்குவதில்லை. சாணமாகவும் மூத்திரமாகவும் வெளியே வந்துவிடுகிறது. வெளியே வருவதிலும் பாதியோ அதற்கு மேலோ மூத்திரத்தில்தான் இருக்கிறது. சாணத்தை நாம் கூடையில் அள்ளிப் பத்திரப்படுத்துகிறோம். மூத்திரத்தையோ சாக்கடையில் விட்டுவிடுகிறோம்! மூத்திரத்திலுள்ள தழைச்சத்து பெரும்பாலும் யூரியா என்ற பொருளாக இருக்கிறது. சாணத்திலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்கள் யூரியேஸ் என்ற நொதியைக் கொண்டு இதனை உடைத்து, அம்மோனியம் கார்பனேட்டாக மாற்றுகின்றன. அப்போது அந்த இடம் காரத்தன்மை அடைகிறது. காரம் மிகுந்த இடத்தில் அம்மோனியா நிலைத்து நிற்காது, வாயுவாகக் கிளம்பிவிடும். வெயிலும் காற்றும் சேர்ந்தால் இன்னும் விரைவாகக் கிளம்பும். நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதை நாங்கள் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் சோதித்துப் பார்த்தோம். ஒன்றில் பசுவின் மூத்திரத்துடன் ஒரு சிட்டிகை மண்ணை மட்டும் போட்டோம். மற்றொன்றில் அதே அளவு மூத்திரத்தைக் கை நிறைய உலர்ந்த களிமண்ணிலும் நறுக்கிய காய்ந்த தழையிலும் ஊறச்செய்தோம். ஈரமாக்கிய சிவப்பு லிட்மஸ் தாளை இரண்டிலும் மூடியின் உட்புறம் தொங்கவிட்டு மூடிவைத்தோம். மறுநாள் முதற் புட்டியின் தாள் நன்றாக நீலமாகியிருந்தது. இரண்டாவதில் நிறம் மாற நெடுநேரம் ஆயிற்று. மாறிய நிறமும் வெளிறியே இருந்தது. மண்ணும் தழையும் அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொண்டன. ஹோவர்டின் வாழ்நாள் உழைப்பில் ஒரு பெரும்பகுதி இந்த இரண்டாவது புட்டிக்குள் அடங்கியிருக்கிறது எனலாம்.

ஆல்பர்ட் ஹோவர்ட் 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இங்கிலாந்தின் மேற்கு எல்லைப்புறத்தில், ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், பிஷப்ஸ் காசில் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஆகையால் ஏரும் எருவும் அவருக்கு இளமையிலேயே பழக்கமாயின. இலண்டனிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் அறிவியல் பயின்றார். 1899-இல் மேற்கிந்தியத் தீவுகளில் பார்படாசுக்குச் சென்று, பயிர்களைத் தாக்கும் பூசண நோய்களை ஆராயும் உத்தியோகத்தில் அமர்ந்தார். கரும்பு நோய்களை நுண்நோக்கியில் பார்த்தார், அறிக்கைகள் எழுதினார். ஆனால் அவர் மனம் அமைதி பெறவில்லை. தமக்கென்று ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல், தாம் சொல்லும் யோசனையைத் தாமே செய்து பார்க்க வழியில்லாமல், பிறருக்கு மட்டும் புத்தி சொல்லும் வேலையாக அது அவருக்குத் தோன்றிற்று. பின்னர் இங்கிலாந்து திரும்பி, வை என்னும் ஊரிலுள்ள வேளாண்மைக் கல்லூரியில் சிறிது காலம் பணியாற்றினார்.

1905-ஆம் ஆண்டில் அவருக்கு இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. பீகாரில் பூசா என்னும் இடத்தில் அப்போதுதான் ஒரு பெரிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் வழங்கிய நன்கொடை அதற்கு உதவியது. (1934-ஆம் ஆண்டு பூகம்பத்தில் அக்கட்டடம் இடிந்தபின் நிலையம் டில்லிக்கு மாற்றப்பட்டது. டில்லியில் அந்த இடத்தை இன்றும் மக்கள் பூசா என்றே அழைக்கிறார்கள்.) அந்நிலையத்தின் தாவரவியல் வல்லுநராக ஹோவர்ட் வந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேயே பம்பாயில் அவருக்குத் திருமணமும் நடந்தது.

மணமகளின் பெயர் காப்ரியேல் மத்தேயி. இவரைப் பற்றி நம் போன்ற மாணவியர் அவசியம் அறிந்துகொள்ளவேண்டும். 1876-இல் பிறந்த இவர் கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் பயின்றவர். பச்சை இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும் வேகத்தை வெப்பமும் ஒளியும் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதைப் பிளாக்மன் என்ற அறிஞருடன் சேர்ந்து ஆராய்ந்து, இளம் வயதிலேயே அறிவியல் உலகில் பெயர் பெற்றவர். அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் பெண்கள் பரீட்சை எழுதலாம்; எத்தனை சிறப்பாகத் தேறினாலும் ஆண்களுக்குரிய முழுப் பட்டம் கிடையாது. அந்த உரிமை 1948-இல்தான் வந்தது. அதைக் காணக் காப்ரியேல் அம்மையார் உயிரோடு இல்லை.

பூசாவில் இவர் கணவருடன் வயலில் இறங்கி வேலை செய்தார். கோதுமை, புகையிலை, பழமரங்கள் எல்லாவற்றிலும் இருவர் உழைப்பும் ஒன்றாகவே கலந்திருந்தது. இருவரும் சேர்ந்து உருவாக்கிய பூசா 4, பூசா 12 என்னும் கோதுமை வகைகள் வடநாடு முழுவதும் பரவின. ஆயினும் முதலில் சில ஆண்டுகள் அம்மையாருக்கு உத்தியோகப் பெயர் எதுவும் இருக்கவில்லை. 1910-இல் கணவரின் உதவியாளர் என்று பெயர் தந்தார்கள். 1913-இல்தான் இரண்டாவது தாவரவியல் வல்லுநர் என்ற பதவி கிடைத்தது. அன்றைய இந்திய அரசாங்கத்தில் ஒரு பெண் அத்தகைய அறிவியல் பதவியில் அமர்வது எளிதில் நடக்கக்கூடிய காரியமன்று. இருந்தும் இன்று நூல்களில் ஹோவர்ட் என்று ஒருமையில் எழுதும்போது, அந்தப் பெயருக்குள் இருவர் இருந்ததைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நாங்களும் இக்கட்டுரைக்குத் தலைப்பு வைத்தபோது அதே தவற்றைச் செய்துவிட்டோம்!

பூசாவில் ஹோவர்ட் முதலில் கேட்டது ஆய்வுக்கூடக் கருவிகளை அன்று. பயிரிட நிலம் கேட்டார். 75 ஏக்கர் கிடைத்தது. அதில் நோய் தாக்காத பயிரை விளைவிக்கவேண்டும் என்று விரும்பினார். அதற்கு வழி தேடிய அவர் மேல்நாட்டுப் புத்தகங்களைப் புரட்டவில்லை. சுற்றுவட்டாரத்து உழவர்கள் மருந்தும் செயற்கை உரமும் இன்றியே ஓரளவு நோயற்ற பயிர்களை விளைவிப்பதைக் கண்டு, அவர்களுடைய வயல்களுக்கு நடந்து சென்று பார்த்தார். கலப்புப் பயிர் ஏன் செய்கிறார்கள், துவரையை ஏன் சேர்த்து விதைக்கிறார்கள், எந்த நேரத்தில் உழுகிறார்கள் என்று கவனித்துக் கற்றார். உழவரும் பூச்சிகளுமே தம் பேராசிரியர்கள் என்பது அவர் கருத்து. பயிரைப் பூச்சி தாக்கினால் பூச்சியைக் குற்றம் சொல்லாமல், அந்த மண்ணில் என்ன குறை என்று பார்க்கவேண்டும் என்பார்.

அவருக்கு ஆறு ஜோடி உழவு மாடுகள் கிடைத்தன. வளமான மண்ணில் விளைந்த தீவனத்தை அவற்றுக்குக் கொடுத்தார். பக்கத்துப் பண்ணை மாடுகளுக்குக் கோமாரி வந்தபோது, வேலிக்கு மேலாக மூக்கோடு மூக்கு உரசியும் தம் மாடுகளை அந்நோய் தொடவில்லை என்று எழுதியிருக்கிறார். இது அவர் கண்ணால் கண்ட செய்தி. சோதனை முறையில் நிறுவப்பட்ட உண்மை அன்று. ஆகையால் நம் வீட்டு மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி வேண்டாம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது.

இந்நாட்டு உழவரைப் போற்றிய ஹோவர்ட், ஒரு விஷயத்தில் மட்டும் குறை கண்டார். அது எருவைப் பற்றியது. இக்குறையை அவருக்கு முன்பே ஒருவர் எடுத்துக்காட்டியிருந்தார். 1889-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, சென்னை மாகாணம் உட்பட நாடு முழுவதும் சுற்றி, 1893-இல் தம் அறிக்கையை வெளியிட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண்மை இரசாயனரே அவர். விறகு கிடைக்காத காரணத்தால்தான் மக்கள் சாணத்தை வறட்டி தட்டி எரிக்கிறார்கள், அறியாமையால் அன்று, என்று அவர் நியாயமாக எழுதினார். வறட்டி எரியும்போது சாணத்திலுள்ள தழைச்சத்து முழுவதும் புகையோடு போய்விடுகிறது. சாம்பலில் மிஞ்சுவது மற்றச் சத்துகளே. இந்த வோல்க்கரின் தந்தையாரும் இரசாயன அறிஞர். எருக்குவியலிலிருந்து எவ்வளவு சத்து வீணாகிறது என்பதை 1850-களிலேயே இங்கிலாந்தில் அளந்து பார்த்தவர். தந்தை குவியலை ஆராய, மகன் வறட்டியைக் கண்டு வருந்தினார். தொழுவத்தில் வழிந்தோடும் மூத்திரத்துக்கு நடைமுறை வழி காண்பது ஹோவர்டின் பங்காயிற்று.

பூசாவில் கோதுமைக்கு ஒரு வல்லுநர், பூச்சிக்கு ஒரு வல்லுநர், இரசாயனத்துக்கு ஒரு வல்லுநர் என்று துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்த முறை ஹோவர்ட் தம்பதியருக்குப் பிடிக்கவில்லை. மண், பயிர், மாடு, மனிதன் நான்கையும் ஒன்றாக வைத்து ஆராய ஓரிடம் வேண்டும் என்று பல ஆண்டுகள் முயன்றார்கள். 1924-இல் மத்திய இந்தியாவில் இந்தூரில் அதற்கு வழி பிறந்தது. ஹோல்கார் மகாராஜா 300 ஏக்கர் நிலம் அளித்தார். பருத்தி ஆராய்ச்சிக்கென இருந்த மத்தியக் குழுவும் பொருளுதவி செய்தது. அங்குதான் உலகெங்கும் இந்தூர் முறை என்று அறியப்பட்ட கம்போஸ்ட் எரு முறை உருவாயிற்று. யஷ்வந்த் வாட் என்ற இந்திய இரசாயனர் அதில் அவருக்கு வலக்கையாக இருந்தார்.

அந்த முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். ஏனெனில் நம் வீடுகளில் செய்து பார்க்கக்கூடியது அது. முதலில் தொழுவத்தின் தரை. கல்லோ சிமெண்டோ வேண்டாம், மண் தரையே நல்லது என்றார் ஹோவர்ட். மாடு விடும் மூத்திரம் அம்மண்ணில் ஊறும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மேல் மண்ணை அரையடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, புது மண் நிரப்பவேண்டும். வெட்டி எடுத்த மண் குப்பையன்று. அது அம்மோனியாவைப் பிடித்து வைத்திருக்கும் பொக்கிஷம். அதைப் பொடித்துச் சேமித்து எருக்குழிக்குச் சேர்க்கவேண்டும்.

அடுத்தது மாட்டுக்குப் படுக்கை. காய்ந்த இலை, களை, பயிர்த் தாள், பருத்திமார் எல்லாவற்றையும் கலந்து மாட்டின் கீழே பரப்பவேண்டும். பருத்திமார் போன்ற கட்டையான பொருளை முதலில் வண்டிப் பாதையில் போட்டுவிடச் சொன்னார். போகிற வருகிற வண்டிச் சக்கரங்களே அதை நசுக்கிக் கொடுத்துவிடும். இந்த யுக்தியைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, மகிழ்ச்சியும் வந்தது. காசு செலவில்லாத யந்திரம் அல்லவா அது! மறுநாள் காலையில், நனைந்த படுக்கையைச் சாணத்தோடு சேர்த்து அள்ளி, அதிக ஆழமில்லாத குழியில் அடுக்கவேண்டும். ஒரு வரிசை தழைக்கழிவு, அதன்மேல் நனைந்த படுக்கை, அதன்மேல் சாணமும் மூத்திர மண்ணும் சிறிது சாம்பலும் கலந்த கரைசல், பிறகு தண்ணீர் தெளிப்பு. இப்படியே வரிசை வரிசையாக. அழுத்தி மிதிக்கக்கூடாது, காற்று உள்ளே போகவேண்டும். சில நாட்களில் குவியல் கை வைக்க முடியாதபடி சூடேறும். மூன்று முறை புரட்டிவிட்டால், மூன்று மாதத்தில் கறுத்துப் பொலபொலவென்று உதிரும் மட்கு எரு தயாராகிவிடும். அதில் நெடி இராது. மழை பெய்த மண்ணின் வாசனையே இருக்கும்.

நெடி ஏன் இராது என்பதில்தான் இரகசியம் இருக்கிறது. தழைக்கும் தாளுக்கும் உள்ள கரிச்சத்தை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள், தம் உடலை வளர்க்கத் தழைச்சத்தைத் தேடுகின்றன. சாணத்திலும் மூத்திரத்திலும் இருந்து கிளம்பும் அம்மோனியாவை அவை பறக்கவிடாமல் பிடித்துத் தம் உடலாக மாற்றிக்கொள்கின்றன. தழைச்சத்து 1 பங்குக்குக் கரிச்சத்து ஏறத்தாழ 33 பங்கு இருப்பது தொடக்கத்தில் நல்லது என்று ஹோவர்டும் வாட்டும் கணக்கிட்டார்கள். வெறும் சாணத்தையும் மூத்திரத்தையும் மட்டும் குவித்தால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் அம்மோனியா பறந்துவிடும். வெறும் சோகையைக் குவித்தால் நுண்ணுயிர்களுக்கு உணவு போதாமல் வருடக்கணக்கில் மட்காமல் கிடக்கும். இன்னொன்று: நம் வீடுகளில் அடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாகக் குப்பைக்குழியில் கொட்டும் பழக்கம் உண்டு. சாம்பல் காரமுடையது. அளவோடு போட்டால் நன்மை. புதுச் சாணத்தின் மேல் அள்ளிக் கொட்டினால் இருக்கும் அம்மோனியாவையும் விரட்டிவிடும்.

ஹோவர்ட் இதையெல்லாம் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சீன, ஜப்பானிய உழவர்கள் பல நூற்றாண்டுகளாக எருவைப் பேணிய விதத்தை விவரித்து அமெரிக்க அறிஞர் கிங் எழுதிய நூல் 1911-இல் வெளிவந்திருந்தது. அதுவே தமக்கு வழிகாட்டியது என்று அவர் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார்.

1930 ஆகஸ்டில் காப்ரியேல் அம்மையார் ஜெனீவாவில் காலமானார். ஹோவர்டால் அதன்பின் இந்தூரில் இருக்க இயலவில்லை. 1931-இல், வாட்டுடன் சேர்ந்து எழுதிய வேளாண்மைக் கழிவுகளைப் பற்றிய நூலை வெளியிட்டுவிட்டு, 26 ஆண்டுகள் வாழ்ந்த இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அவ்வாண்டிலேயே அம்மையாரின் தங்கை லூயிஸை மணந்தார். 1934-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. காபி, தேயிலைத் தோட்டக்காரர்கள் பலர் அவர் முறையைப் பின்பற்றினார்கள். 1940-இல் வெளியான அவருடைய வேளாண்மைச் சாசனம் என்னும் பொருள்பட்ட பெயருடைய ஆங்கில நூல் பல நாடுகளில் படிக்கப்பட்டது. அந்த நூலை அவர் மறைந்த காப்ரியேல் அம்மையாருக்கே சமர்ப்பித்தார். 1947 அக்டோபர் 20-இல், நம் நாடு சுதந்திரம் பெற்ற இரண்டு மாதங்களில், அவர் காலமானார். அவருடைய இந்திய வாழ்க்கையை லூயிஸ் அம்மையார் பின்னர் நூலாக எழுதினார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. பிற்காலத்தில் எழுதியவற்றில் செயற்கை உரத்தை அடியோடு வெறுத்தார். ஒப்புக்கொள்ளாத விஞ்ஞானிகளைக் கடிந்து பேசினார். மக்கள்தொகை பெருகிய நாடுகளுக்கு அவர் சொன்ன எரு மட்டுமே போதுமா என்ற கேள்விக்கு அவரிடம் தெளிவான கணக்கு இல்லை. ஜெர்மனியில் ஹேபர் என்பவர் 1909-இல் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்து காட்டினார். 1913 முதல் அது தொழிற்சாலையில் உற்பத்தியாயிற்று. நம் நாட்டில் 1951-இல் சிந்திரியிலும், 1971 முதல் சென்னைக்கு வடக்கே மணலியிலும் உரம் செய்யத் தொடங்கினார்கள். அந்த உரம் இல்லாதிருந்தால் 1960-களின் பஞ்சத்திலிருந்து நாம் எப்படி மீண்டிருப்போம் என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. எங்கள் வீட்டுப் பெரியவர்களிலேயே இதில் இரு கட்சி.

ஆனால் இரு கட்சியாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். மூட்டையில் வரும் யூரியாவும், மாட்டு மூத்திரத்திலுள்ள யூரியாவும் ஒரே பொருள். அணுவுக்கு அணு வேறுபாடு இல்லை. ஆகவே தொழுவத்தில் நடப்பது வயலிலும் நடக்கிறது. 45 கிலோ மூட்டை யூரியாவில் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதைக் காய்ந்த மண்ணின் மேல், உச்சி வெயிலில் தூவிவிட்டு வந்தால் அதே யூரியேஸ் நொதி அதை உடைக்கும். அதே அம்மோனியா கிளம்பும். வெப்ப நாடுகளின் மேய்ச்சல் நிலங்களிலும் இதே கதைதான். மாடு ஓரிடத்தில் விடும் மூத்திரத்தை எக்டேருக்குக் கணக்கிட்டால் சில நூறு கிலோ தழைச்சத்து ஒரே நேரத்தில் கொட்டியதற்குச் சமம். புல் அவ்வளவையும் ஒரேயடியாக உண்ண முடியாது. சில நாட்களுக்குள் ஒரு பங்கு காற்றில் போய்விடுகிறது. போனது மறைவதும் இல்லை. வேறு புகைகளோடு சேர்ந்து மூச்சுக்குக் கேடான நுண்துகளாகிறது; எங்கோ மழையில் இறங்குகிறது.

2015 முதல் நம் நாட்டு யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியே விற்கப்படுகிறது. அம்மோனியா பறப்பதை அது தடுத்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். வேம்பின் வேலை பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். மண்ணிலுள்ள சத்து நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு போவதை அது தாமதப்படுத்தும். பறப்பதைத் தடுக்க, யூரியாவை ஈர மண்ணுக்குள் சேர்ப்பதே வழி. நெல்லுக்கு 5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம் பிண்ணாக்கு என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கோடையில் நம் பக்கத்துக் கழனிகளில் ஆட்டு மந்தை மடக்குவார்களே, அதுவும் இதே அறிவுதான். புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் விழுகின்றன. மந்தை போனதும் உழுதுவிட்டால் சத்து மண்ணுக்குள் போய்விடுகிறது. உழாமல் பத்து நாள் வெயிலில் விட்டால், கீதாரிக்குக் கொடுத்த கூலியில் ஒரு பங்கு காற்றுக்குக் கொடுத்ததாகும்.

எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் நான்கு கறவை மாடுகள். சுத்தத்துக்காக அவள் தந்தையார் தொழுவத்துக்குச் சிமெண்டு தளம் போட்டு, சரிவு வைத்து, தெருச் சாக்கடைக்கு வழி விட்டிருந்தார். வேர்க்கடலைக்கும் நெல்லுக்கும் உரக்கடையில் கடன் சொல்லி மூட்டை வாங்கிக்கொண்டிருந்தார். லிட்மஸ் சோதனையை அவள் வீட்டில் காட்டியபோது அவர் சிரித்தார். காசு போட்டுக் கட்டிய தளத்தை உடைக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். ஆனால் அவளுடைய அவ்வா விடவில்லை. தம் சிறு வயதில் தொழுவத்து மண்ணை வெட்டிக் கழனிக்குச் சுமந்ததைத் தெலுங்கும் தமிழும் கலந்து சொல்லித் தீர்த்தார். கடைசியில் தளத்தை உடைக்காமலே, மாடுகளின் பின்கால் நிற்கும் இடத்தில் மட்டும் செங்கல் வரம்பு கட்டி, ஏரி மண்ணும் திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த கரும்புச் சோகையும் பரப்பினார்கள்.

முதல் முறை தோல்விதான். ஐப்பசி மழையில் கூரை ஒழுகி எல்லாம் சேறாகி, மாட்டுக்குக் குளம்பு நோவு வந்துவிடுமோ என்று பயந்து அள்ளி வெளியே போட்டுவிட்டார்கள். தை மாதம் கூரையைச் சரிசெய்து மறுபடி பரப்பினார்கள். நனைந்த சோகையை நாள்தோறும் அள்ளவேண்டியிருப்பதால் வேலை கூடுகிறது. அந்த வேலை எங்கள் தோழியின் தலையில்தான் விழுந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். சித்திரையில் நாங்கள் போனபோது தொழுவத்தில் கண் கரிக்கவில்லை. வெட்டி எடுத்த மண் பின்கட்டில் கறுத்துக் குவிந்திருந்தது. அவ்வா அதன்மேல் பழைய சாக்கை மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார். அவ்வாண்டு அவள் தந்தையார் உரக்கடையில் இரண்டு மூட்டை குறைத்து வாங்கினார். அடுத்த பட்டத்துக்கு எத்தனை மூட்டை என்பதை வேர்க்கடலை பிடுங்கியபின் முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்.